2015ல வெள்ளம் வந்தாச்சு, இனி 100 வருஷத்துக்கு வராதா?

முடிச்சூர் புதுசு:
சென்னை தாம்பரம் பக்கத்துல முடிச்சூர்ல கிரவுண்ட் ஃப்ளோர் ஃப்ளாட் ஒண்ணு பாத்துருக்கேன், 20 வருஷ லோன். 2015 டிசம்பர்ல இங்க தண்ணி ஏறுச்சேன்னு கேட்டா, "அது நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற வெள்ளம் சார், வந்துட்டுப் போயாச்சு, இனி உங்க பேரன் காலத்துலதான்"னு புரோக்கர் சொல்றார். நம்பலாமா?

அடையாறு வாசி:
தாராளமா நம்பலாம் தம்பி. 1976 நவம்பர்ல நுங்கம்பாக்கத்துல ஒரே நாள்ல 45 செ.மீ. கொட்டுனதை சின்னப் பையனா பாத்தவன் நான். அப்புறம் அப்படி ஒண்ணு 2015லதான், 39 வருஷம் கழிச்சு. பெருசா ஒண்ணு வந்துட்டா அடுத்தது வர நாளாகும்.

கணக்கு டீச்சர்:
அப்படி இல்லைங்க சார். நூறு வருஷ வெள்ளம்னா நூறு வருஷ இடைவெளின்னு அர்த்தமே கிடையாது, ஒவ்வொரு வருஷமும் வர்றதுக்கு 1 சதவீத வாய்ப்புன்னுதான் அர்த்தம், போன வருஷம் வந்துச்சா இல்லையான்னு பாத்துட்டு இந்த வருஷ மழை வர்றதில்ல. ஒரு வருஷம் வராம இருக்க 0.99. அதை 20 தடவை பெருக்குங்க, 0.82 வரும். அப்போ லோன் முடியறதுக்குள்ள ஒருதடவையாவது தண்ணி வர 18 சதவீதம். கிட்டத்தட்ட பகடைல ஒரே உருட்டுல ஆறு விழற மாதிரி, அதைவிடக் கொஞ்சம் கூடவே.

அடையாறு வாசி:
அப்ப நூறு வருஷத்துல ஒருதடவை கண்டிப்பா வரணுமேம்மா?

கணக்கு டீச்சர்:
வராமலே போக 37 சதவீதம். ரெண்டோ அதுக்கு மேலயோ வர 26 சதவீதம். அபூர்வமா நடக்கறது எத்தனை தடவை நடக்கும்னு பாக்க பன்னிரண்டாம் வகுப்புல பாய்சான் பரவல்னு நடத்தறோமே, அதே கணக்குதான்.

மழைக்கிறுக்கன்:
மேடம், பெருக்கல் சரி, அந்த 1 சதவீதம் எங்கேர்ந்து வந்துச்சு? அண்ணே, நீங்களும் நடுவுல 1985, 2005 ரெண்டையும் விட்டுட்டீங்க. 2015ல தாம்பரத்துல 49 செ.மீ. பேஞ்சுது, செம்பரம்பாக்கம் ஏரில 29,000 கன அடி திறந்தாங்க, அதோட சுத்தியிருக்கற ஏரிங்க உபரி எல்லாம் அதே அடையாறு ஆத்துலதான் சேருது. ஏரியெல்லாம் வீடாகிட்டே போகுது, பழைய ரெக்கார்ட வெச்சு எடுத்த சதவீதம் இன்னைக்கு எப்படிப் பொருந்தும்? இன்னொண்ணு, 2015, 2023 ரெண்டுமே எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிட சூடாகற வருஷம். 2023 டிசம்பர் ஆரம்பத்துல சென்னைல மிக்ஜாம் புயல், அதே மாசம் 17, 18ல தூத்துக்குடி பக்கம் காயல்பட்டினத்துல 95 செ.மீ. மழை. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லைன்னு பகடை மாதிரி கணக்கு போடறதை என்னால ஏத்துக்க முடியல.

கணக்கு டீச்சர்:
கொத்தா வர்றதாலேயே சம்பந்தம் இருக்குன்னு ஆகாதுங்க. ரெண்டாம் உலகப்போர்ல தெற்கு லண்டனை 576 கட்டமா பிரிச்சு விழுந்த 537 ஜெர்மன் வி-1 பறக்கும் குண்டுகளை எண்ணினாங்க. சில கட்டத்துல நாலும் அதுக்கு மேலயும் விழுந்துச்சு, 229 கட்டத்துல ஒண்ணுகூட இல்ல. குறி வெச்சு அடிச்ச மாதிரி தெரிஞ்சாலும், சும்மா சிதறுனா எத்தனை காலியா இருக்கணும்னு பாய்சான் கணக்கு சொல்லுச்சோ அதுவும் 227தான்.

மழைக்கிறுக்கன்:
குண்டுக்கு கடல் சூடாகறது தெரியாதே மேடம். மழைக்குத் தெரியும்.

கணக்கு டீச்சர்:
எல் நினோ விஷயத்துல நீங்க சொல்றது சரி, அந்த வருஷத்துக்கு சதவீதத்தை ஏத்தித்தான் போடணும். 25 வருஷத்துக்கு ஒருதடவைன்னு, அதாவது வருஷத்துக்கு 4 சதவீதம்னு வெச்சா 20 வருஷத்துல 56 சதவீதம் வருது. ஆனா "வந்துடுச்சு, இனி வராது"ங்கற புரோக்கர் பேச்சு அப்பவும் தப்புதான்.

அடையாறு வாசி:
அம்மா, 2015ல எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் ஹால்ல மிதந்து வந்து வாசக்கதவை அடைச்சிடுச்சு, அப்பாவை பின்பக்க ஜன்னல் வழியாத்தான் தூக்குனோம். வருஷா வருஷம் வரலாம்னு நெனச்சா அந்த வீட்டுல தூங்கவே முடியாது. அதுக்கப்புறம் ஆத்தை அகலப்படுத்தியிருக்காங்கல்ல, அதாவது கணக்குல வராதா?

கணக்கு டீச்சர்:
கண்டிப்பா வரும் சார், அது அந்த சதவீதத்தையே குறைக்கற வேலை. அதைச் சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

முடிச்சூர் புதுசு:
இன்னைக்கு மறுபடி போய் பாத்தேன். சுவரெல்லாம் புது பெயிண்ட். படிக்கட்டுக்கு அடியில மட்டும் அடிக்காம விட்டுருக்காங்க, என் நெஞ்சு உயரத்துக்கு சேத்துக்கோடு, ஈபி மீட்டரை எல்லாம் தலைக்கு மேல ஏத்தி மாட்டியிருக்காங்க. ரெண்டாவது மாடி எவ்வளவுன்னு கேட்டுட்டு வந்துருக்கேன்.