டிபிஏ3116 போர்டில் இரைச்சலும் மெலிந்த பாஸும்: கபாசிட்டரை மாற்றுவதா, கெயினைக் குறைப்பதா?

இசைக்கூடு:
வணக்கம். டிபிஏ3116டி2 ஆம்பிளிஃபையர் சிப் உள்ள ஸ்டீரியோ போர்டு, 19 வோல்ட் 3.42 ஆம்பியர் லேப்டாப் அடாப்டர், 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. சிப்புக்கு முன் சிக்னலைப் பெருக்கும் 5532 ஐசி போர்டில் சாக்கெட்டில் இருக்கிறது. அதே 19 வோல்ட்டிலிருந்து 7805 வைத்து புளூடூத் மாட்யூலுக்கு 5 வோல்ட் போகிறது. குறைகள்: பாட்டு ஓடாதபோதும் ட்வீட்டரில் "ஸ்ஸ்" என்ற இரைச்சல். புளூடூத் இணைந்ததும் கீச்சென்று ஒரு சத்தம். பாஸ் மெலிவு. வால்யூமைக் கால்வாசி திருப்பியதுமே சத்தம் கிழிகிறது. 500 ரூபாய்க்குள் முதலில் எதில் கை வைக்கலாம்?

பழைய_ட்ரான்ஸ்ஃபார்மர்:
இந்த விலைக்கு வரும் போர்டில் தயாரிப்பவர் மிச்சம் பிடிப்பது கபாசிட்டரில்தான். மூன்று இடம் பாருங்கள். ஒன்று, சிக்னல் நுழையும் இடத்தில் இருக்கும் பொடி செராமிக் கபாசிட்டர்கள். மட்டமான செராமிக் வகை, வோல்டேஜ் ஏறினால் மதிப்பில் சுருங்கும். தட்டினால் மைக் மாதிரி ஒலிக்கும். அவற்றை எடுத்துவிட்டு 2.2 மைக்ரோஃபேரட் ஃபிலிம் போடுங்கள், பாஸ் வந்துவிடும். இரண்டு, சப்ளையில் 10,000 மைக்ரோஃபேரட் சேருங்கள். மூன்று, அந்த 5532-ஐ நம்பகமான கடையில் வாங்கிய ஒன்றால் மாற்றுங்கள். மேலே ஒரு பெயரை அச்சடித்து உள்ளே வேறொரு ஐசி வரும் காலம் இது. இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

மைக்ரோஃபேரட்:
அண்ணா, கபாசிட்டர் பற்றிச் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். வரிசையை ஏற்க முடியவில்லை. இசைக்கூடு சொன்ன நான்கில் மூன்று குறை, இரைச்சல், மெலிந்த பாஸ், கால்வாசியில் கிழிவது, ஒரே காரணத்தால் வரக்கூடியவை: சிப்பின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 36 டெசிபெல்லில் வைக்கப்பட்டிருப்பது.

36 டெசிபெல் என்றால் 63 மடங்கு. 19 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு இந்தச் சிப் சுத்தமாகத் தரக்கூடியது சுமார் 12.7 வோல்ட் ஆர்எம்எஸ், அதாவது 20 வாட். அதற்குச் சிப்பின் வாசலில் 0.2 வோல்ட் வந்தாலே போதும். புளூடூத் மாட்யூல் 0.5 முதல் 1 வோல்ட் வரை தரும், 5532 அதையும் பெருக்கினால் கேட்கவே வேண்டாம். கால்வாசியில் கிழியாமல் என்ன செய்யும்?

பாஸ் விஷயம் இன்னும் முக்கியம். இந்தச் சிப்பில் கெயின் ஏற ஏற இன்புட் இம்பீடன்ஸ் (வரும் சிக்னலுக்குச் சிப் காட்டும் தடை) இறங்கும். 20 டெசிபெல்லில் 60 கிலோ ஓம், 26-இல் 30, 32-இல் 15, 36-இல் வெறும் 9 கிலோ ஓம். வாசலில் 0.22 மைக்ரோஃபேரட் இருந்தால், 9 கிலோ ஓமோடு சேர்ந்து 80 ஹெர்ட்ஸிலேயே பாஸ் சரியத் தொடங்கும். அதே கபாசிட்டர் 60 கிலோ ஓமோடு 12 ஹெர்ட்ஸ் வரை விடும். கபாசிட்டரைத் தொடாமலே பாஸ் திரும்பும்.

பழைய_ட்ரான்ஸ்ஃபார்மர்:
கணக்கு சரி தம்பி. ஆனால் 2.2 போட்டால் 9 கிலோ ஓமிலும் 8 ஹெர்ட்ஸ் வரை வருகிறதே. சல்லி ரெசிஸ்டரைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதைவிட, இரண்டு ஃபிலிம் கபாசிட்டர் வைப்பது புதியவருக்குச் சுலபம். கெயினைக் குறைத்தால் முழுச் சத்தம் வராது என்பதையும் சொல்ல வேண்டும். 20 டெசிபெல் என்றால் பத்து மடங்குதான். 20 வாட் எடுக்க 1.27 வோல்ட் உள்ளே கொடுக்க வேண்டும். போனை நேரே சொருகுபவருக்கு அது எட்டாது.

இவ்வளவு தொல்லைக்கு 4440 ஆம்பிளிஃபையர் ஐசி உள்ள போர்டும் 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மரும் போதும் என்பது என் பழைய கட்சி.

மைக்ரோஃபேரட்:
2.2 போட்டால் பாஸ் வரும், மறுக்கவில்லை. இரைச்சல் அப்படியே இருக்கும், கிழிவதும் அப்படியே இருக்கும். கபாசிட்டர் பெரிதானால் சார்ஜ் ஆக நேரம் பிடிக்கும், ஆன் செய்யும்போது "டப்" சத்தமும் கூடலாம்.

முழுச் சத்தம் பற்றிச் சொன்னது நியாயம். அதனால்தான் இரண்டு பதில் உண்டு. 5532 இரண்டு மடங்காவது பெருக்கினால் சிப்பை 20-இல் வைக்கலாம். 5532 இல்லாத போர்டு என்றால் 26. அது 20 மடங்கு, 0.64 வோல்ட்டில் முழுச் சத்தம்.

4440 பற்றி: அதன் டேட்டாஷீட் கெயின் 51.5 டெசிபெல், சுமார் 375 மடங்கு. 4 ஓமில் 6 வாட் தர 13 மில்லிவோல்ட் போதும். போனை இணைத்தால் வால்யூம் கண்ட்ரோல் அடிமட்டத்திலேயே கிடப்பதற்குக் காரணம் அதுதான். இங்கே இருக்கும் நோய் அங்கே இன்னும் பெரிது.

பழைய_ட்ரான்ஸ்ஃபார்மர்:
4440-க்கு இன்புட்டில் 10 கிலோ ஓம் தொடரில் வைத்து, அதன் பிறகு 470 ஓமைக் கிரவுண்டுக்குக் கொடுத்தால் 27 டெசிபெல் இறங்கிவிடும். வால்யூம் முழுச் சுற்றும் பயன்படும். அவுட்புட்டில் 1000 மைக்ரோஃபேரட்டை 2200 ஆக்கினால் 4 ஓம் ஸ்பீக்கரில் பாஸ் 40 ஹெர்ட்ஸிலிருந்து 18 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். இது கேட்டதும் தெரியும் மாற்றம்.

மைக்ரோஃபேரட்:
2200 விஷயத்தில் முழு உடன்பாடு. ஆனால் இன்புட்டில் பிரித்துக் குறைப்பது வரும் சிக்னலை மட்டும் குறைக்கும். ஆம்பிளிஃபையரின் சொந்த இரைச்சல் 375 மடங்கு பெருகி வந்துகொண்டே இருக்கும். 3116-இல் கெயினையே மாற்ற முடிகிறது என்பதால்தான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இயர்த்வயர்:
இருவரும் ஐசியைக் குற்றம் சொல்லும் முன் இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடலாமே. செலவு கிடையாது. பவரை எடுத்துவிட்டு 5532-ஐச் சாக்கெட்டிலிருந்து கழற்றுங்கள். சிப்பின் இன்புட் கபாசிட்டர்களில் 5532 பக்கமிருக்கும் முனையைக் கிரவுண்டோடு ஒரு துண்டு வயரால் இணைத்து ஆன் செய்யுங்கள். "ஸ்ஸ்" அதே அளவில் இருந்தால் அது சிப்பின் கெயின். அடங்கினால் 5532 கட்டம். ஐசியைக் கழற்றாமல் ஷார்ட் செய்யாதீர்கள். ஒற்றை சப்ளையில் ஓடும் 5532-இன் அவுட்புட்டில் பாதி வோல்டேஜ் நிற்கும், அதைக் கிரவுண்டில் இணைப்பது ஐசியை வதைப்பது.

இன்னொன்று, எல்லோரும் மறக்கும் இடம்: இந்தச் சிப்பின் நான்கு ஸ்பீக்கர் முனைகளில் எதுவும் கிரவுண்ட் அல்ல. 19 வோல்ட்டில் ஒவ்வொன்றிலும் சுமார் 9.5 வோல்ட் இருக்கும். இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக முறுக்கினாலோ, ஹெட்ஃபோன் ஜாக் வைத்தாலோ, ஆஸிலாஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மாட்டினாலோ சிப் போய்விடலாம். ஒரே ஸ்பீக்கரின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே அளந்தால் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தாலும் பாஸ் காணாமல் போகும், அதையும் பாருங்கள்.

இசைக்கூடு:
நன்றி. 5532-ஐக் கழற்றிச் சோதித்தேன், இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை. என் போர்டில் கெயின் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரெசிஸ்டர்கள் எள்ளளவு இருக்கின்றன.

மைக்ரோஃபேரட்:
அப்படியானால் கெயின்தான். சிப்பின் 8-ஆம் கால் (பின் 8) கெயினைத் தீர்மானிப்பது. பின் 7-இல் சிப்பே உருவாக்கும் சுமார் 7 வோல்ட் இருக்கும், பின் 9 கிரவுண்ட். பின் 8-லிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர், பின் 7-க்கு ஒன்று. 47 கிலோ ஓம் கிரவுண்டுக்கும் 75 கிலோ ஓம் பின் 7-க்கும் இருந்தால் 36 டெசிபெல். அச்சில் 473, 753 என்று தெரியும் (கடைசி இலக்கம் பூஜ்யங்களின் எண்ணிக்கை). 39-ம் 100-ம் என்றால் 32. 20-ம் 100-ம் என்றால் 26. கிரவுண்டுக்கு 5.6 மட்டும் இருந்து மற்றது காலி என்றால் 20.

எழுத்து தெரியவில்லை என்றால் ஆன் செய்து பின் 8-க்கு வரும் ரெசிஸ்டரின் முனையில் வோல்டேஜ் அளங்கள். சுமார் 2.7 என்றால் 36, 1.9 என்றால் 32, 1.2 என்றால் 26, பூஜ்யம் என்றால் 20. மீட்டர் முனையைச் சிப்பின் காலில் வைக்காதீர்கள். கால்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி கிடையாது, சறுக்கினால் 7 வோல்ட் பக்கத்துக் காலில் ஏறிவிடும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது: இரண்டு ரெசிஸ்டரும் இடம் மாறினால் சிப் தன்னை இன்னொரு சிப்புக்குத் துணையாக நினைத்துக்கொண்டு வெளி கிளாக்குக்காகக் காத்திருக்கும். போர்டு செத்தது மாதிரி மௌனமாக இருக்கும். செத்திருக்காது. கெயினைச் சிப் ஆன் ஆகும்போது மட்டுமே படிக்கும், ஓடும்போது மாற்றிப் பயனில்லை.

கழற்ற, ரெசிஸ்டரின் இரு முனையிலும் ஈயத்தைத் தாராளமாக வைத்து, சால்டரிங் அயர்ன் முனையை இரண்டுக்கும் மாறி மாறிக் காட்டுங்கள். தானாக வழுக்கி வரும். பிடித்து இழுத்தால் பேட் (போர்டில் ஈயம் ஒட்டும் செம்புத் திட்டு) உரிந்துவிடும். காலுள்ள ரெசிஸ்டரை நிற்க வைக்க வேண்டாம், ஆட்டத்தில் பேட் கழன்றுவிடும்.

பழைய_ட்ரான்ஸ்ஃபார்மர்:
சரி, இரைச்சலில் நான் சொன்னது தவறு. கீச் சத்தத்துக்கு 7805-க்கு முன்னும் பின்னும் 1000 மைக்ரோஃபேரட் வைத்துப் பாருங்கள்.

மைக்ரோஃபேரட்:
அதற்கு முன் மாட்யூலைப் பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். கீச் நின்றுவிட்டால் குற்றம் மாட்யூலில் இல்லை, சப்ளையைப் பகிர்வதில், பெரும்பாலும் கிரவுண்ட் வழியில். மாட்யூல் துடித்துத் துடித்து மின்சாரம் இழுக்கும். அது திரும்புவது ஆடியோ கிரவுண்ட் வயரிலும்தான். 50 மில்லிஆம்பியர் துடிப்பு, 0.1 ஓம் வயர், 5 மில்லிவோல்ட் ஆகிறது. 63 மடங்கு பெருகினால் ஸ்பீக்கரில் 0.3 வோல்ட் கீச். 7805 கிரவுண்டைப் பிரிக்காது, கபாசிட்டரும் பிரிக்காது.

7805-க்குப் பிறகு பி0505எஸ் 1 வாட் மாட்யூல் வையுங்கள். 5 வோல்ட் உள்ளே, தனித்துப் பிரிந்த 5 வோல்ட் வெளியே. வெளிப்பக்கக் கிரவுண்டைச் சப்ளைக் கிரவுண்டோடு சேர்க்கவே கூடாது, ஆடியோ கேபிளின் கம்பி உறை (ஷீல்ட்) ஒன்றுதான் இணைப்பு. சுமை குறைந்தால் அதன் வோல்டேஜ் ஏறும், வெளிப்பக்கத்தில் 270 ஓம் ஒன்றைக் குறுக்கே வைத்துவிடுங்கள்.

பழைய_ட்ரான்ஸ்ஃபார்மர்:
ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். போர்டில் இருக்கும் 470 மைக்ரோஃபேரட் 25 வோல்ட் போதாது. அடாப்டரின் வயர் நீளமும் மெலிசும். டிரம் விழும் ஒவ்வொரு முறையும் சிப்பின் வாசலில் வோல்டேஜ் சரியும்.

இயர்த்வயர்:
அது உண்மை. ஆனால் 10,000 வேண்டாம். ஆன் செய்ததும் அடாப்டர் அதை ஷார்ட் என்று நினைத்து வெட்டி வெட்டி நிற்கும். 2200 மைக்ரோஃபேரட் 35 வோல்ட் ஒன்றைச் சிப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்போதும் அடாப்டர் அடம்பிடித்தால் 5டி-11 தெர்மிஸ்டர் (ஆன் செய்யும் கணத்தில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவது) ஒன்றைத் தொடரில் சேருங்கள். 24 வோல்ட் சப்ளைக்கு 25 வோல்ட் கபாசிட்டர் ஒருபோதும் வேண்டாம்.

வேலை முடித்து முதல் முறை ஆன் செய்யும்போது, லாரி இண்டிகேட்டரில் வரும் 24 வோல்ட் 21 வாட் பல்பைச் சப்ளையில் தொடராக மாட்டுங்கள். ஒரு கணம் மின்னி அணைந்தால் சரி. நின்று எரிந்தால் உடனே எடுத்துவிட்டு, பின் 7, 8 பக்கம் ஈயம் எங்காவது பாலம் போட்டிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டரோடு இணைத்தபின் "ம்ம்ம்" என்று ஹம் வந்தால், அடாப்டரின் மூன்றாவது பின்னை வெட்டும் யோசனை யாராவது தருவார்கள். செய்யாதீர்கள், அது உயிரைக் காக்கும் இயர்த். ஆடியோ லைனில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஹம் போய்விடும்.

இசைக்கூடு:
ரெசிஸ்டர் முனையில் 2.66 வோல்ட் காட்டுகிறது. பவர் பேங்கில் கீச் இல்லை.

மைக்ரோஃபேரட்:
36 டெசிபெல்லேதான். 473, 753 இரண்டையும் எடுங்கள். கிரவுண்ட் பக்கம் 203, பின் 7 பக்கம் 104 வைத்து முதலில் 26-இல் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் இன்னும் காதில் விழுந்தால் 104-ஐக் கழற்றி, 203 இருந்த இடத்தில் 562.