விளிம்பு தாண்டும் சிறுநீர், வீடெல்லாம் மணல்: பூனைக்கு எந்த லிட்டர் பாக்ஸ் (கழிப்பு மணல் பெட்டி) சரி?

சாம்பல்வால்:
கருத்தடை செய்த ஆண் பூனை, 3 வயது, 5 கிலோ. இப்போது இருப்பது திறந்த தட்டு: நீளம் 40 செ.மீ., அகலம் 30, உயரம் 10. சிறுநீர் பின்பக்க விளிம்பைத் தாண்டிச் சுவரில் படுகிறது. தோண்டும்போது மணல் வெளியே இறைகிறது. மூடி போட்டது, மேலே உள்ள ஓட்டை வழியாக உள்ளே குதிப்பது, சுவர் உயரமானது என மூன்று வகை கண்ணில் பட்டன. இரண்டு தொல்லையும் தீர எதை வாங்கலாம்?

மீசைக்காரி:
வகையைவிட அளவுதான் முதலில். அந்தத் தட்டு 5 கிலோ பூனைக்குப் போதவே போதாது. நான்கு காலும் உள்ளே இருக்கும், பின்புறம் மட்டும் விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பூனையைப் பொறுத்தவரை அது பெட்டிக்குள்தான் போகிறது.

மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, ஒன்றரையால் பெருக்குங்கள். 45 செ.மீ. பூனைக்கு ஏறக்குறைய 68 செ.மீ. நீளம் வேண்டும். அகலம் 45க்குக் குறையாமல் இருந்தால் உள்ளேயே திரும்ப முடியும். அட்டையில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் மேல்விளிம்பின் வெளி அளவு. சுவர் சரிவாக இருப்பதால் அடித்தளம் அதைவிடச் சில செ.மீ. குறையும். டேப் வைத்து அடித்தளத்தை அளந்து வாங்குங்கள்.

அடுத்தது உயரம். சில பூனைகள் குந்தித் தொடங்கி, போகப் போகப் பின்புறத்தை உயர்த்திவிடும். அப்போது சிறுநீர் கீழே விழாமல் பின்னால் பீய்ச்சும். நிற்கும்போது தரையிலிருந்து வால் அடி வரை உள்ள உயரத்தோடு மணலின் ஆழத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பூனை நிற்பது மணல்மேல். பெரும்பாலும் 30 செ.மீ.யை ஒட்டி வரும். 10 செ.மீ. விளிம்பு இதற்கு ஈடுகொடுக்காது.

நாலுகால்:
மூடி போட்டதை வாங்கும் முன் இணைப்பைப் பாருங்கள். மூடியின் கீழ்விளிம்பு அடித்தட்டுக்கு வெளிப்பக்கமாக இறங்கினால், சுவரில் பட்ட சிறுநீர் வழிந்து அந்த இடுக்கு வழியே தரைக்கு வரும். உள்பக்கமாக இறங்கினால் தட்டுக்குள்ளேயே சொட்டும். கீழே காகிதம் விரித்து, ஒரு குவளை தண்ணீரை உட்சுவரில் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூடி நாற்றத்தையும் உள்ளேயே தேக்கும். நமக்குக் குறையும், உள்ளே போகும் பூனைக்குக் கூடும். ஆடும் கதவு இருந்தால் கழற்றிவிடுங்கள்.

மேல்வழிப் பெட்டி மணலை நன்றாகத் தடுக்கும், சுவரில் இணைப்பும் இருக்காது. ஆனால் பல மாடல்கள் உள்ளே குறுகல். குட்டி, மூட்டுவலி உள்ள கிழப் பூனை, பருத்த பூனை ஆகியவற்றுக்கு ஆகாது. வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தால் ஒன்று மேலே உட்கார்ந்து மற்றதை மறிக்கவும் செய்யும்.

என் கட்சி, சாமான் போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. 70 x 45, உயரம் 35 செ.மீ. அளவில், ஒரே வார்ப்பாக, வளைந்து கொடுக்கும் பாலிபுரொப்பிலீனில் எடுங்கள். கண்ணாடிபோல் தெளிவான, விறைப்பான பிளாஸ்டிக் அறுக்கும்போதே விரிசல் விடும். 22 செ.மீ. அகலத்தில் வாசலைக் குறியுங்கள், கீழ்விளிம்பு 12 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். வாசல் குறியின் கீழ் மூலைகள் இரண்டிலும் 10 மி.மீ. துளை போட்டுவிட்டு, நுண்பல் பிளேடால் மேலிருந்து அந்தத் துளை வரையும், பிறகு துளைக்குத் துளை குறுக்கேயும் அறுக்க வேண்டும். மூலை கூராக இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் ஓடும். உப்புத்தாள் தேய்த்து, நீளவாக்கில் கீறிய ரப்பர் குழாயை விளிம்பில் மாட்டிவிட்டால் வயிற்றில் கீறாது.

வாசலைக் குறுகிய பக்கத்தின் நடுவே வெட்டாதீர்கள். நேரே உள்ளே போய்த் திரும்பாமல் உட்காரும் பூனையின் பின்புறம் வாசலை நோக்கியே இருக்கும், மறுபடி வெளியேதான் வரும். நீளப் பக்கத்தில் ஒரு மூலையை ஒட்டி வெட்டுங்கள்.

சாம்பல்வால்:
பெட்டி யோசனை பிடித்திருக்கிறது. காலில் ஒட்டி வரும் மணலுக்கு என்ன வழி? புதிய பெட்டியை ஏற்க மறுத்தால்?

பரண்பூனை:
பெட்டி தடுப்பது தோண்டும்போது இறைவதை மட்டும். காலில் ஒட்டுவது மணலின் குணம். பொடி மணல் விரலிடுக்கில் தங்கும், சற்றுப் பெரிய மணி உதிர்ந்துவிடும். மணலுக்குப் பதில் போடும் மரத்தூள் உருண்டை இன்னும் குறைவாகவே ஒட்டும், ஆனால் எல்லாப் பூனைக்கும் அதன்மேல் நிற்கப் பிடிக்காது. வாசலுக்கு வெளியே இரண்டடுக்குத் துளைப் பாய் போடுங்கள். பூனை ஒரே தாவலில் தாண்ட முடியாதபடி 60 x 90 செ.மீ. இருக்கட்டும், சிறு பாய் வீண். பெட்டியை மூலையில் வைத்து, வாசல் உள்ள முனை சுவரை ஒட்டி வரும்படி திருப்பினால் பாய்மேல் நடந்துதான் வெளியேற வேண்டியிருக்கும். ஓட வழியில்லாதபடி இடுக்கில் மட்டும் திணிக்காதீர்கள்.

சிறுநீர் பட்டால் கட்டியாகும் மணல் 5 முதல் 7 செ.மீ. ஆழம் போதும். குறைந்தால் சிறுநீர் அடியில் போய்ப் பசைபோல் ஒட்டும், கூடினால் இறைப்பதற்குத்தான் உதவும். நாளுக்கு இரண்டு முறை அள்ளிவிடுங்கள். அழுக்கு மணலில் கால் வைக்கப் பிடிக்காத பூனை விளிம்பிலேயே நின்று காரியத்தை முடிக்கும், எவ்வளவு பெரிய பெட்டியானாலும் அப்போது பயனில்லை. அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் உறை நகம் பட்டுக் கிழியும். வேண்டாம்.

பழைய தட்டை உடனே எடுக்காதீர்கள். புதியதில் அதே மணலைப் போட்டு, பழையதிலிருந்து ஒரு கரண்டி அழுக்கு மணலையும் சேர்த்து, பக்கத்தில் ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். புதியதையே வழக்கமாகப் பயன்படுத்தத் தொடங்கியபின் எடுக்கலாம். மணல் வகையையும் மாற்ற நினைத்தால் அது பிறகு.

சுவரை, சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் என்சைம் கிளீனரால் ஊற வைத்துத் துடையுங்கள். அம்மோனியா கலந்தது சிறுநீர் வாடையையே நினைவூட்டும். பிளீச்சிங் திரவம் சிறுநீரோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

மீசைக்காரி:
ஒன்று விட்டுப்போனது. வாலை நிமிர்த்தி நடுக்கியபடி, தோண்டாமல், நின்ற நிலையில் கொஞ்சமாகச் சுவரில் தெளித்தால் அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்த ஆணிலும் சில விடாமல் செய்யும், அதற்குப் பெட்டி தீர்வல்ல. அடிக்கடி போய் முக்கி, சொட்டுச் சொட்டாக வந்தாலோ வராமலே போனாலோ சிறுநீர்க் குழாய் அடைப்பாக இருக்கலாம். ஆண் பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், பெட்டியை அளப்பதெல்லாம் பிறகு.