மறு: தற்சுழற்சி முறுக்குவிசை: ‘விசை’ வேண்டாமே

அன்பு நண்பர்களுக்கு,

மின்னோட்டம் பாய்ச்சி ஒரு காந்தப்பொருளின் உள்திசையைத் திருப்பும் விளைவுக்கு, நேற்றைய மடலில் வந்த ‘எதிர் ஃபெர்ரோகாந்த எதிரெதிர்த் தற்சுழற்சி முறுக்குவிசை’ என்ற சொல்லை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பாதியிலேயே மூச்சு வாங்கியது. நீளம்கூடப் பரவாயில்லை, இயற்பியல் அல்லவா புரண்டுபோகிறது!

முதலில் ‘விசை’. ‘முறுக்குவிசை’ என்று நாம் எழுதும் டார்க் (torque), அதாவது ஒன்றைத் திருப்பும் விளைவு, ஒரு விசையே அல்ல. விசைக்கு அலகு நியூட்டன், இதற்கு நியூட்டன் மீட்டர். பள்ளிப் புத்தகத்தில் ‘திருப்பு விசை’ என்று இருப்பது தெரியும். ஆனால் காந்தத்தின் வலிமையையும் திசையையும் சொல்லும் அளவுக்கு (magnetic moment) அங்கே ‘திருப்புத்திறன்’ என்ற சொல்லும் இருக்கிறது. நாம் பேசப்போவதோ அந்தத் திருப்புத்திறனை எது திருப்புகிறது என்பதை. ‘திருப்புத்திறன்மீது திருப்புவிசை’ என்று எழுதினால் வாசிப்பவருக்குத் தலைதான் திரும்பும். ஆகவே ‘முறுக்கம்’ போதும். கம்பியில் தொங்கி முறுக்கிச் சுழலும் முறுக்கு ஊசலோடு குழம்பாதா என்பீர்கள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் சந்தித்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து ‘எதிர் ஃபெர்ரோகாந்தம்’ (antiferromagnet). ஃபெர்ரோ என்றால் இரும்பு. இந்தத் துறையில் அதிகம் அடிபடும் செம்பு மாங்கனீசு ஆர்சனைடில் இரும்பே கிடையாது. குரோமியமும் இந்த வகைதான். 311 கெல்வினுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸில், அதன் அணுக்காந்தங்களின் ஒழுங்கு குலைந்துவிடும். நம் காய்ச்சல் சூடு போதும்! இவற்றில் அண்டை அணுக்களின் திருப்புத்திறன்கள் இணையாக, ஆனால் எதிர்த்திசையில் நிற்கின்றன. ஆகவே ‘எதிரிணைக் காந்தம்’ என்று வைத்தால் என்ன? இணை என்பதில் ஜோடி என்ற பொருளும் சேர்ந்து வருகிறது.

இப்போது ‘எதிரெதிர்’. இதில்தான் எனக்கு உண்மையான சண்டை. சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் முன்னே தள்ளுங்கள். பார் திரும்பாது, இரு கைகளின் முறுக்கமும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுங்கள், உடனே திரும்பும். கைகள் எதிரெதிர், முறுக்கமோ ஒரே பக்கம்.

எதிரிணைக் காந்தத்தில் நடப்பதும் இதுதான். வெளியிலிருந்து சீரான காந்தப்புலம் வைத்தால் அண்டை அணுக்கள் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் திரும்பப் பார்க்கும்; அவற்றுக்கிடையே உள்ள பிணைப்பு விடாது. செம்பு மாங்கனீசு ஆர்சனைடில் மாங்கனீசு அணுக்கள் இரண்டு வகை இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. ஓர் இடத்தின் சுற்றுப்புறத்தைத் தலைகீழாகப் புரட்டினால் மற்றது. மின்னோட்டம் பாயும்போது எலக்ட்ரான்களின் தற்சுழற்சி (ஸ்பின்) ஓர் இடத்தில் ஒரு பக்கமும் அடுத்த இடத்தில் மறுபக்கமும் சாய்கிறது. அதனால் அணுக்கள் உணரும் புலம் எதிரெதிர். திருப்புத்திறனும் எதிரெதிர் என்பதால் முறுக்கம் இரண்டுக்கும் ஒன்றே. ஆக ‘எதிரெதிர்’ புலத்துக்கு அடைமொழி ஆகலாம், முறுக்கத்துக்கு ஆகவே ஆகாது.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. ஃபெர்ரோகாந்தங்களில் மின்னோட்டம் முறுக்கம் தரும் என்று 1996இல் இயற்பியலாளர்கள் ஸ்லான்செவ்ஸ்கியும் பெர்ஜரும் தனித்தனியே சொன்னார்கள். எதிரிணை உலோகங்களிலும் அது நடக்கும் என்ற கோட்பாட்டுக் கட்டுரை 2006இல் வந்தது. 2016இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழுவினர் செய்தே காட்டினார்கள்: அறை வெப்பத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் மின்துடிப்பு அனுப்பி, ஒழுங்கின் திசை மாறுவதை மின்தடையை அளந்து படித்தார்கள். மின்னோட்ட அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆம்பியர் என்ற வரிசையில்.

அப்புறம், இந்த ஒழுங்கின் திசையைக் குறிக்க நீல் வெக்டர் (Néel vector) என்று எழுதுகிறோமே, அதிலும் எனக்கு ஒரு சின்னக் குறை. அந்த பிரெஞ்சுக்காரர் நீல் அல்ல, நேஎல். அளபெடைக்கு இதைவிட நல்ல வேலை இன்று கிடைக்குமா!

ஆக என் பரிந்துரை: எதிரிணைக் காந்தம், தற்சுழற்சி முறுக்கம். அணுவுக்கு அணு குறி மாறும் அந்தப் புலத்துக்குத்தான் சொல் அமையவில்லை. ‘மாறுதிசைப் புலம்’ என்றால் மாறுதிசை மின்னோட்டம்போல நேரத்தோடு மாறுவதாகத் தோன்றும். இது மாறுவது இடத்தோடு. ‘இடமாறு புலம்’ என்றால் புலமே இடம்பெயர்வதுபோல இருக்கிறது. இப்போதைக்குக் கட்டுரையில் ‘அணுவுக்கணு மாறும் புலம்’ என்று நீட்டியே எழுதியிருக்கிறேன். சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்றுதான் மெய்ப்புப் பார்க்கிறேன்.