நிபோங் திபால் பக்கம் ஃபைபர் இல்லாத வீட்டுக்கு எந்த இணையம்?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பினாங்கு, நிபோங் திபாலுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. ஃபைபர் பெரிய சாலையோடு நின்றுவிட்டது. எங்கள் வரிசைக்கு இப்போதைக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள்.

இருப்பது டிபி-லிங்க் ஆர்ச்சர் எம்ஆர்600 மோடம், 4ஜி சிம். பகலில் 15 எம்பிபிஎஸ் வரை வரும். ஹரி ராயாவுக்குப் பிறகு, இரவு 8 மணி ஆனால் 1-க்கும் கீழே போய்விடுகிறது. தங்கச்சி இந்த வருடம் ஐந்தாம் படிவத்தின் எஸ்பிஎம் தேர்வு எழுதுகிறாள். டியூஷன் அந்த நேரத்தில்தான். ஆசிரியர் முகம் திரையில் அப்படியே நிற்கும், குரல் மட்டும் விட்டு விட்டு வரும். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

மோடத்தை மாடி ஜன்னலுக்கு மாற்றினேன், ரீசெட் செய்தேன், வேறு நிறுவன சிம்மும் போட்டேன். அது பகலிலேயே மோசம். சிக்னல் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி அளவு இரவும் பகலும் -108 பக்கம்தான் நிற்கிறது. அதனால் சிக்னலைவிட, கைபேசிக் கோபுரத்தில் நெரிசல் என்றே நினைக்கிறேன்.

2023-இல் மலேசியாவுக்கு வந்த செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்கின் மாதக் கட்டணம் எங்களுக்குக் கொஞ்சம் பாரம்தான், ஆனால் வீட்டு முன்புறம் வானம் திறந்திருக்கிறது.

வெளிப்புற ஆண்டெனா வாங்கி வேறு கோபுரத்தை நோக்கித் திருப்பினால் இரவு வேகம் கூடுமா, இல்லை நேராக ஸ்டார்லிங்க் போட்டுவிடலாமா?