வேட்பாளரின் வாட்ஸ்அப் குழு தேர்தல் செலவில் சேருமா?

கேள்வி:
எங்கள் சட்டமன்றத் தொகுதியின் வேட்பாளர் ஒருவர் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, குடிநீர், சாலை பற்றிய கேள்விகளுக்கு இரவுதோறும் பதில் எழுதுகிறார். இச்செலவு அவருடைய தேர்தல் கணக்கில் சேருமா? வாக்குப்பதிவு நாள்வரை குழு இயங்கலாமா?

மறுமொழி 1:
சேரும். தேர்தல் ஆணையத்தின் 2013 அக்டோபர் அறிவுறுத்தலின்படி, இணைய நிறுவனங்களுக்குச் செலுத்தும் விளம்பரத் தொகை மட்டுமன்றி, பதிவுகளை உருவாக்கும் செலவையும், கணக்குகளைப் பராமரிக்கும் பணியாளர்களின் ஊதியத்தையும் வேட்பாளர் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளரின் மொத்தத் தேர்தல் செலவுக்கான உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். வேட்புமனுவுடன் தரும் உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26இல் தம் சமூக ஊடகக் கணக்குகளையும் அவர் குறிப்பிட்டாக வேண்டும். தாமே தட்டச்சு செய்தால் ஊதியச் செலவு இராது. ஆனால் அத்தனை குழுக்களிலும் அவரே எழுதுகிறார் என்பதை நான் நம்பவில்லை.

மறுமொழி 2:
இரண்டாம் கேள்விக்கு: வாக்குப்பதிவு முடியும் நேரத்திற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பிரசாரத்தைக் கட்டுப்படுத்தும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, பொதுக்கூட்டத்தையும் தொலைக்காட்சியையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. சமூக ஊடக நிறுவனங்கள் 2019இல் ஏற்ற நடத்தை நெறியின்படி, இப்பிரிவை மீறுவதாக ஆணையம் சுட்டும் பதிவுகள் மூன்று மணி நேரத்திற்குள் கவனிக்கப்பட வேண்டும். மூடிய குழுக்களைக் கண்காணிப்பது கடினம் என்பதால், ஐயமிருந்தால் தேர்தல் விதிமீறல்களைத் தெரிவிக்க ஆணையம் நடத்தும் சி-விஜில் செயலியில் புகார் அளியுங்கள்.

மறுமொழி 3:
ஐயா, குடிநீர் இணைப்பு உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. சட்டமன்ற உறுப்பினரானால் அதில் தாம் என்ன செய்ய இயலும் என்று அவரிடமே கேளுங்கள்.