பாலக்கோடு சொந்தங்கள் குழு: வியாழக்கிழமை கண் படம்

கலா சித்தி: பிரபு, ரேவதி குழந்தைக்கு வர்ற வியாழன் 28 நாள். 31 வாரத்துல பொறந்தது, 1,350 கிராம். எடை 2 கிலோ ஆகட்டும், அப்புறம் கண் காட்டலாம்னு வீட்ல பேச்சு.

பிரபு: எடைக்குக் காத்திருக்கவே கூடாது சித்தி. 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்தாலோ 2,000 கிராமுக்குக் கீழ இருந்தாலோ குறைமாசக் குழந்தைக்கு வர்ற விழித்திரை நோய் (ROP) இருக்கான்னு 30 நாளுக்குள்ள விழித்திரையைப் பாத்தாகணும். 28 வாரத்துக்கு முன்னாடின்னா 2-3 வாரத்துலயே. வெளிய பாத்தா கண்ணு பளிச்சுன்னுதான் இருக்கும். ரத்தக்குழாய் வளராம நின்ன ஓரம் உள்ளுக்குள்ள இருக்கு.

ரேவதி: அண்ணா, பால் குடுத்துட்டுத் தூக்கிட்டு வரலாமா?

கலா சித்தி: ஒரு மணி நேரம் முன்னாடியே குடுத்து ஏப்பம் எடுத்துடு. கண்ணைத் திறந்து பிடிக்கிறப்போ கக்கினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். குல்லா, ரெண்டு துணி எடுத்துக்கோ. உடம்பு குளிரக்கூடாது.

பிரபு: கண்பாப்பாவை விரிய வைக்கத்தான் சொட்டு மருந்து. பெரியவங்களுக்கானதுல ட்ரோபிகமைடு 0.8, ஃபினைல்எஃப்ரின் 5 சதவீதம். ஆஸ்பத்திரியில அதைக் கண்ணீர் சொட்டு மருந்தோட சரிபாதி கலந்து 0.4, 2.5 ஆக்குவாங்க. 10-15 நிமிஷ இடைவெளியில ரெண்டு மூணு தடவை. கன்னத்துல வழியுறதை உடனே பஞ்சால ஒத்திடணும், தோலும் உறிஞ்சும். 10 சதவீத ஃபினைல்எஃப்ரின் வேண்டவே வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறும்.

கலா சித்தி: அப்பவும் கண்பாப்பா விரியலன்னா?

பிரபு: மேல மேல விடக்கூடாது சித்தி. நோய் முத்தினா ஐரிஸ்ல (கண்பாப்பாவைச் சுத்தி இருக்கிற நிறத் திரை) ரத்தக்குழாய் வீங்கி கண்பாப்பா விறைச்சுக்கும். அதையே அறிகுறியா எழுதி டாக்டர்கிட்ட சொல்லணும்.

கலா சித்தி: படம் எடுக்கறப்போ கால்ல பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டியே இருக்கட்டும். கண்ணை அழுத்தினா நாடித்துடிப்பு சட்டுனு இறங்கும், சில குழந்தை மூச்சையே நிறுத்தும். உடனே கையை எடுத்துடணும்.

பிரபு: நிறைய பேர் கோட்டை விடுற இடமே இந்த அழுத்தம்தான். மரப்பு சொட்டு விட்டு, ஸ்பெகுலம் (இமையைத் திறந்து பிடிக்கிற கருவி) வச்சு, ஜெல் தடவி 120-130 டிகிரி அகலம் பாக்கிற கேமரா லென்ஸைக் கருவிழி மேல மெதுவா உட்காரவைக்கணும். கொஞ்சம் அழுந்தினாலும் ரத்தக்குழாய் வெளுத்து மெலிஞ்சிடும். நெளிஞ்சு வீங்கின குழாய்தான் 'பிளஸ்' நோய்க்கு, அதாவது நோய் தீவிரமானதுக்கு அடையாளம். அழுத்தின படத்துல அதுவே சாதாரணமாத் தெரியும்! டிஸ்க் (பார்வை நரம்பு கண்ணுக்குள்ள சேர்ற வட்டம்) வெளுத்தா கையைத் தளர்த்தி மறுபடி எடுக்கணும். ஜெல்லுல காத்துக்குமிழி இருந்தா வட்ட நிழல் விழும். டிஸ்க்கை நடுவுல வச்சு ஒண்ணு, அப்புறம் நெற்றிப்பொட்டுப் பக்கம், மூக்குப் பக்கம், மேல, கீழ. ஒரு கண்ணுக்கு குறைஞ்சது 5.

ரேவதி: படத்துல ஒண்ணுமில்லன்னா அதோட முடிஞ்சுதா அண்ணா?

பிரபு: இல்லம்மா. குழாய் ஓரம் வரைக்கும் முழுசா வளர்ற வரை திரும்பத் திரும்பப் பாக்கணும், பெரும்பாலும் 2 வாரத்துக்கு ஒருதடவை. கடைசி ஓரம் கேமராவுல முழுசா விழாது, டாக்டர் நேர்லயும் பாப்பாரு. சிகிச்சை வேணும்னு சொன்னா 48-72 மணி நேரத்துக்குள்ள லேசரோ ஊசியோ ஆகணும். அதுக்கு மேல தள்ளினா விழித்திரை பிரிஞ்சிடும் அபாயம் இருக்கு.

கலா சித்தி: டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காத. ஆக்சிஜன் எத்தனை நாள் வச்சாங்கன்னு டாக்டர் கேப்பாரு.

ரேவதி: சரி சித்தி, சீட்டை இப்பவே பையில வச்சுடறேன். வியாழன் காலைல முதல் பஸ்லயே வர்றோம்.