செல்லுலைட்டிஸ்: 'உயிரணு அழற்சி' வேண்டாம், வேறு என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

நீரிழிவுப் பாதப் பராமரிப்புக் கையேட்டின் வரைவில் செல்லுலைட்டிஸ் மூன்று பெயரில் வருகிறது: உயிரணு அழற்சி, செல் அழற்சி, தோலடித் திசு அழற்சி. ஒன்றை நிலைநிறுத்த வேண்டும்.

சொல்ல வேண்டிய நோய் இது. சேற்றுப்புண்ணால் விரலிடுக்கில் வந்த வெடிப்பு, முள் குத்திய இடம், செருப்புக் கடி என ஏதோ ஒரு வழியாகக் கிருமி உள்ளே போய், தோலின் ஆழ்ந்த அடுக்கிலும் அதற்குக் கீழுள்ள கொழுப்பிலும் பரவுகிறது. பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சில வேளை ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். கால் சிவந்து, சுட்டு, வீங்கி, தொட்டால் வலிக்கும். காய்ச்சலோடு தொடையிடுக்கில் நெறி கட்டும்.

———

> உயிரணு அழற்சி, செல் அழற்சி

இரண்டையும் இன்றே அடித்துவிடலாம். இந்தப் பெயரில் இருக்கும் 'செல்' உயிரணு இல்லை. லத்தீனில் 'செல்லுலா' என்றால் சிற்றறை. இறைச்சிக் கடையில் ஆட்டை உரிக்கும்போது தோலுக்கும் கறிக்கும் நடுவே வெள்ளையாக, பஞ்சு இழுபடுவதுபோல் ஒன்று இழுபடுமே, அந்தத் தளர்ந்த இணைப்புத் திசுவுக்குப் பழைய உடற்கூற்றியலார் வைத்த பெயர்தான் 'செல்லுலர் திசு'. காற்றை ஊதினால் அது சிறுசிறு அறைகளாக உப்பும். 1801-ல் பிரெஞ்சு உடற்கூற்றியலார் பிஷா எழுதியபோதும் அந்தப் பொருள்தான். ஷ்லைடனும் ஷ்வானும் உயிரணுக் கோட்பாட்டை முன்வைத்தது 1838–39-ல். ஆக, 'உயிரணு அழற்சி' என்று எழுதுகிறவர் நோயை விட்டுவிட்டு எழுத்தை மொழிபெயர்க்கிறார்.

இன்னொரு பள்ளமும் உண்டு. செல்லுலைட் வேறு, செல்லுலைட்டிஸ் வேறு. முன்னது தொடையில் கொழுப்பு மேடுபள்ளமாகத் தெரிவது, நோயே இல்லை.

என் வாக்கு 'தோலடித் தொற்று'. சுருக்கம், எல்லாருக்கும் புரியும்.

———

> என் வாக்கு 'தோலடித் தொற்று'

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சீழ்க்கட்டியும் தோலடித் தொற்றுதான். கட்டி என்றால் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் முதல் வைத்தியம், வெறும் மாத்திரை போதாது. இந்த நோயிலோ, உள்ளே சீழ் கட்டாதவரை கீறுவதற்கு ஒன்றுமில்லை, ஆன்டிபயாடிக்தான் வைத்தியம். வைத்தியம் பிரிகிற இடத்தில் பெயரும் பிரிய வேண்டாமா?

அடுத்தது கண். கண்குழிக்குள் வரும் செல்லுலைட்டிஸில் கண் பிதுங்கி, அசைத்தால் வலித்து, பார்வையே போகலாம். இமையோடு நிற்கும் வகை அவ்வளவு ஆபத்தில்லை. கண்குழிக்குள் எங்கே தோலடி? கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையிலிருந்து வாய்த்தளத்தில் பரவி மூச்சை அடைக்கும் லுட்விக் ஆஞ்சைனாவும் (1836-ல் லுட்விக் விவரித்தது) இதே குடும்பம். தலைச்சொல்லில் 'தோலடி' வந்தால் இவற்றைச் சேர்க்க முடியாது.

'தொற்று' என்றதும் வீட்டார் நோயாளியின் தட்டையும் துண்டையும் தனியாக வைத்துவிடுவார்கள். இது அப்படி ஆளுக்கு ஆள் ஒட்டும் நோய் இல்லை. 'தோலடித் திசு அழற்சி'யும் உதவாது. கிருமியே இல்லாமல் வரும் கொழுப்பழற்சிக்கும் அது அப்படியே பொருந்திவிடும்.

இந்த நோயின் குணம், எல்லை கட்டாமல் பரவுவது. பெயர் அதைச் சொன்னால் போதும்.

———

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பாடநூல்களில் உயிரணு 'கலம்', திசு 'இழையம்'. நீங்கள் 'திசு' வைத்துச் சொல் கட்டினால் இங்கே அதை மாற்றி எழுதுவார்கள், பிறகு இரண்டு சொல் ஓடும். இரண்டு கரைக்கும் பொதுவாக இருப்பவை 'படர்', 'அழற்சி'. ஆகவே படரழற்சி. தலைச்சொல் இது, இடத்தை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: தோலடிப் படரழற்சி, கண்குழிப் படரழற்சி, வாய்த்தளப் படரழற்சி.

———

நல்ல சொல். ஆனால் படர்தாமரை என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே! அது பூஞ்சை. 'படர்' என்று காதில் விழுந்ததும் படர்தாமரைக் களிம்பை வாங்கிப் பூச மாட்டார்களா? ர, ழ, ற மூன்றும் ஒரே சொல்லில் வருவதையும் யோசியுங்கள்.

———

> படர்தாமரைக் களிம்பை வாங்கிப் பூச மாட்டார்களா?

படர்தாமரை அரிக்கும், வட்டமாக வரும், காய்ச்சல் வராது. இது வலிக்கும், சுடும். இந்த ஒரு வரியைக் கையேட்டில் சேர்த்தால் போதும். நாக்குப் புரளுவது பற்றி: 'குடல்வால் அழற்சி' சொல்லிப் பழகிய வாய் இதையும் சொல்லும்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"தோலடிப் படரழற்சி (செல்லுலைட்டிஸ்) என்று மருத்துவர் சொன்னால், சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதுங்கள். மருந்து தொடங்கி முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் சிவப்பு கோட்டைச் சற்றுத் தாண்டலாம். அதைக் கண்டு மருந்தை நிறுத்தவோ தானாக மாற்றவோ வேண்டாம். காலை இடுப்பு மட்டத்துக்கு மேல் தூக்கி வையுங்கள். சுண்ணாம்பு, சூடான பற்று எதுவும் போடாதீர்கள். விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்து, சேற்றுப்புண் இருந்தால் அதற்கும் மருந்து போடுங்கள். கிருமி வந்த வாசல் அடைபடாவிட்டால் நோய் திரும்ப வரும். தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலி, கருநீலக் கொப்புளம், அமுக்கினால் நறநறவென்ற உணர்வு, குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்."

கடைசி வரி சொல்வது படரழற்சியை அல்ல, தசையுறை அழுகலை. அங்கே சில மணி நேரத்துக்குள் அறுவை செய்தாக வேண்டும். அதற்குப் 'படர்' வகைப் பெயர் எதையும் வைக்காதீர்கள். 'அழுகல்' என்ற சொல் தரும் பயம் அங்கே தேவை.

மருத்துவர்களுக்கான பக்கத்தில் ஒன்று சேருங்கள்: இரண்டு காலும் ஒரே நேரத்தில் சிவந்திருந்தால் பெரும்பாலும் படரழற்சி இல்லை. சிரை ரத்தம் தேங்கி வரும் தோல் அழற்சியா என்று முதலில் பாருங்கள்.

———

படரழற்சிக்கு மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை வருமிடத்தில் அடைப்புக்குள் செல்லுலைட்டிஸ், பிறகு தமிழ் மட்டும்.

எரிசிபெலஸ் பாக்கி. அது தோலின் மேலடுக்கோடு நிற்பது, ஓரம் கோடு கிழித்ததுபோல் மேடாகத் தெரியும். காது மடலில் தோலுக்குக் கீழே கொழுப்பு இல்லை. மடல் சிவந்தால் எரிசிபெலஸைத்தான் நினைக்க வேண்டும். 'மேல்மட்டப் படரழற்சி' என்பது என் தற்காலிகப் பரிந்துரை, நீளம்தான். 'அக்கி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஊரில் அக்கி என்றால் வைரஸால் வரும் கொப்புளம். ஆன்டிபயாடிக் வேண்டிய நோயாளி காவி எழுதிக்கொள்ளப் போய்விடுவார்.